ஒரே தளமா மாடியா, செங்கல்லா பிளாக்கா: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி இதுதான்: 50-க்கு 70 அடி மனை. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அம்மா. மூன்று படுக்கையறையோடு ஏறத்தாழ 1400 சதுர அடி தேவை. எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கட்டுவதா, மேலும் கீழுமாகப் பிரிப்பதா? சுவருக்குச் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்), மரச்சட்டமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

வீடு கட்டப் போகிறவர்கள் முதல் இரண்டு மாதமும் சுவர்ப் பொருளைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பார்த்தவரை, குடியேறிய பிறகு நிம்மதியாக இருப்போமா என்பதில் அதற்கு நான்காவது இடம்தான். முதலில் மண், அடுத்து வீட்டில் இருப்பவர்களின் முழங்கால், அதற்கடுத்து கூரை. இந்த மூன்றும் தெளிந்துவிட்டால் சுவர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். ஆனால் நீங்கள் தளத்தைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“மாடி வைத்தால் அஸ்திவாரமும் கூரையும் பாதிதானே, செலவு குறையும்” என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரே தளம் என்றால் 40-க்கு 35 அடி, சுற்றளவு 150 அடி. சுவர் பத்தடி உயரம் என்றால் வெளிச்சுவர் 1500 சதுர அடி, கூரை 1400. இதை இரண்டாகப் பிரித்தால் தளத்துக்கு 700 போதும் என்று தோன்றும். போதாது, ஏனென்றால் படிக்கட்டு இருக்கிறது. இரண்டு தளத்திலும் சேர்த்து அது 150 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் 1550, தளத்துக்கு 775, அதாவது 31-க்கு 25 அடி. சுற்றளவு 112 அடி. இருபதடி உயரத்துக்கு வெளிச்சுவர் 2240, கூரை 775. வெயிலும் மழையும் படுகிற மொத்தப் பரப்பு ஒரே தள வீட்டில் 2900 சதுர அடி, மாடி வீட்டில் 3015. கூரையில் மிச்சம் பிடித்ததைச் சுவர் தின்றுவிட்டது! அஸ்திவாரத்தின் நீளம் 150-லிருந்து 112 அடியாகக் குறைவது உண்மையான லாபம்தான். ஆனால் அதே அஸ்திவாரம் இப்போது கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும், அகலம் கூடும். கான்கிரீட் தளம் முன்பு 1400 சதுர அடி, இப்போது நடுத்தளமும் கூரையுமாக 1550. இதற்கு மேல் மாடியில் ஒரு கழிவறை, அதற்கான குழாய், படிக்கட்டுக் கைப்பிடி, உயரமான சாரம், கல்லையும் கலவையையும் மேலே ஏற்றுகிற கூலி. உங்கள் அளவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே செலவில்தான் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு. 2000 சதுர அடியைத் தாண்டினால்தான் மாடி மெல்ல ஜெயிக்கத் தொடங்கும்.

ஆகவே செலவைக் காட்டி யார் மாடியை விற்க வந்தாலும் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். மாடிக்கு நியாயமான காரணம் என்றால் எனக்கு முதலில் தெரிவது ஒன்றுதான்: மனை போதாமை. உங்கள் மனை 3500 சதுர அடி. 1400 போக 2100 மிஞ்சுகிறது. எல்லைச் சுவரிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், மனையில் எத்தனை விழுக்காடு வரை கட்டலாம் என்பதை உள்ளாட்சி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இடம் கொடுத்தால் உங்களுக்கு இடப் பஞ்சம் இல்லை.

படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அதை ஓர் ஏணி மாதிரி மூலையில் கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்று வையுங்கள், 126 அங்குலம். ஒரு படி ஏழு அங்குலம் என்றால் 18 படி. ஒன்பது ஏறி, திரும்பி, இன்னும் ஒன்பது. கால் வைக்கும் அகலம் பத்து அங்குலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 6 அடி 8 அங்குலம், திரும்பும் மேடைக்கு மூன்றடி, மேலே போய் இறங்கி நிற்க இன்னும் கொஞ்சம். அகலம் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறரை அடி. தளத்துக்கு 65-லிருந்து 80 சதுர அடி அப்படித்தான் போகிறது. இதைச் சுருக்கலாமே என்று படியை எட்டரை அங்குலம் ஆக்குபவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: படி உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு நீளம் வர வேண்டும். இன்றைய அளவில் அது 24, 25 அங்குலம். ஏழும் பத்தும் வைத்தால் கச்சிதமாக 24. இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

இன்னொன்று, என் வீட்டிலேயே நடந்தது. எல்லாப் படியும் ஏழு அங்குலம் என்று வார்த்துவிட்டு, பிறகு கீழ்த்தளத்தில் கலவை பரப்பி டைல்ஸ் போட்டார்கள். தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது. முதல் படி மட்டும் ஐந்து அங்குலமாகிவிட்டது. ஐந்துதானே, இன்னும் சுலபம் என்றுதான் நினைத்தோம். ஒரு வருடமாக வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அந்த ஒரே படியில்தான் தடுமாறுகிறார்கள். கால், முதல் இரண்டு அடியில் உயரத்தைப் பழகிக்கொண்டு பிறகு கண்ணை நம்புவதில்லை. எனவே படிக்கு அச்சு அடிக்கும் முன்பே தரைப் பூச்சின் கனத்தைக் கேட்டு வாங்கிக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வடிவத்தில் கட்டினாலும் கீழே ஒரு படுக்கையறையும் அதை ஒட்டிய குளியலறையும் கட்டாயம். குளியலறைக் கதவுக்கு இரண்டரை அடி வைப்பது வழக்கமாகிவிட்டது, சக்கர நாற்காலி நுழையாது. மூன்றடி வையுங்கள். உங்களுக்கும் இன்னும் இருபத்தைந்து வருடத்தில் அதே முழங்கால்தான். பிள்ளைகள் வெளியே போன பிறகு மாடி, துணி காயப்போடவும் பழைய பெட்டி அடுக்கவும் மட்டும் ஆகிவிட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடி கேட்கிறவர்கள் பக்கமும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அது வெப்பம். வெயில் ஊரில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. ஒரே தள வீட்டில் எல்லா அறைக்கும் மேலே கூரை. ஐந்து அங்குலக் கான்கிரீட், மதியம் குடித்த வெயிலை ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையில் இருப்பவர் மேல் இறக்கும். மாடி வீட்டில் கீழறைகள் தப்பித்துவிடும். குளிர் ஊரிலும் இதே கதைதான், வெப்பம் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே ஓடும். ஆனால் இதற்காக ஒரு மாடி கட்ட வேண்டியதில்லை. கூரைக்கு மேல் மூன்று, நான்கு அங்குல வெப்பக்காப்புப் பலகை, அதைக் காக்க ஒரு பூச்சு, வெயில் ஊரானால் வெள்ளை ஓடு. சுவரில் எந்தப் பொருள் போட்டும் கிடைக்காத மாற்றம் இதில் கிடைக்கும். பணம் இழுத்துப் பிடிக்க வேண்டிய நேரம் வந்தால் தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள், மேற்கூரை அலங்காரத்தில் வையுங்கள்.

“இப்போது ஒரு தளம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தூண் கம்பியை மொட்டைமாடியில் நீட்டிவிடுவது இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் அப்படி நின்ற ஒரு வீட்டில் மாடி எடுக்கலாமா என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பியை விரலால் தடவினேன், செதில் செதிலாகக் கையோடு வந்தது. இரும்புத் தூரிகையால் தேய்த்து அளந்தால் 16 மி.மீ. கம்பி 12-க்கு வந்திருந்தது. நாலு மி.மீ.தானே என்பார்கள். கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில், அதாவது விட்டத்தின் வர்க்கத்தில். 16 வர்க்கம் 256, 12 வர்க்கம் 144. பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சியிருக்கிறது. அது மட்டுமா, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அடியில் கான்கிரீட்டையும் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. பத்து வருடத்துக்குள் நிச்சயமாக மேலே எடுப்பீர்கள் என்றால் அஸ்திவாரத்தையும் தூணையும் இரண்டு தளத்துக்குக் கணக்கிட்டுப் போடுங்கள், நீட்டிய கம்பியை சிமெண்ட் குறைத்துக் கலந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். படிக்கட்டு எங்கே வரும் என்பதையும் இன்றே குறியுங்கள். நிச்சயமில்லை என்றால் கம்பியும் வேண்டாம், அந்தக் கூடுதல் அஸ்திவாரமும் வேண்டாம்.

சாய்ந்த கூரைக்குள் அரை மாடி அமைப்பது அழகாக இருக்கும். ஆனால் ஐந்தடிக்குக் கீழ் உயரமுள்ள இடம் நடக்க ஆகாது. 45 பாகை சாய்வில், கூரை தரையிலிருந்தே எழும்பினால் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி வீண். 25 அடி அகலத்தில் 15 அடிதான் மிஞ்சும். வரைபடத்தில் முழு 25 அடியையும் அறையாகக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

இனி மண். ஒரு மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, வீட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கதவுக்கு வண்ணம் அடிக்கிற மாதிரி. இருந்தும் பக்கத்து வீட்டில் நாலடி தோண்டினார்கள், நாமும் அதையே தோண்டுவோம் என்றுதான் வாணம் தோண்டப்படுகிறது. இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒன்று உண்டு. மண் மோசம், அதனால் எடை குறைந்த வீடாக, ஒரே தளமாகக் கட்டுவோம் என்பார்கள். மண் இளகி அமுங்குகிற வகை என்றால் அது சரி. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, மழையில் ஊதுகிற களிமண் என்றால் நேர்மாறு. அந்த மண் ஊதும்போது மேலே தள்ளுகிறது. எடை அதிகமுள்ள கட்டடம் அதை அமுக்கிப் பிடிக்கும், லேசான வீட்டைத் தூக்கிவிடும். சுற்றுச்சுவரும் திண்ணையும் முதலில் விரிசல் விடுவது இதனால்தான். அங்கே வழி, ஈரம் ஏறி இறங்குகிற ஆழத்துக்குக் கீழே போய் உட்காருவது, அல்லது மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண், அதாவது அண்டர் ரீம்டு பைல். கூடவே, மழைநீரும் குழாய்க் கசிவும் சுவரோரம் தேங்காமல் பார்ப்பது. உறைபனி விழும் ஊரில் இதே தள்ளலை உறையும் நீர் செய்யும், அதற்கும் பதில் ஆழம்தான்.

நிலநடுக்க அபாயம் உள்ள பகுதியா என்று பாருங்கள். அங்கே எடைதான் எதிரி, ஏனென்றால் கட்டடம் எத்தனை கனமோ அத்தனை பலத்தோடு ஆட்டப்படும். அதைவிட ஆபத்து, கீழே வண்டி நிறுத்தச் சுவரே இல்லாமல் தூண் மட்டும் விட்டு மேலே வீடு கட்டுவது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிக் கீழ்த்தளம் திறந்து கிடந்த அடுக்குமாடிகள் பல நொறுங்கின. மேலே கெட்டி, கீழே நொய்மை என்றால் மொத்த ஆட்டமும் அந்தத் தூண்களின் தலையில் விழும்.

இப்போதுதான் சுவர். மாடி என்றாலே தூண் போட்டே ஆக வேண்டும், செங்கல் தாங்காது என்பதும் தவறு. சிகாகோவில் 1891-ல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி, அதன் வெளிச்சுவர்கள் சுமை தாங்கும் செங்கல் சுவர்களே. என்ன, அடியில் சுவர் ஆறடி கனம். ஏமனில் ஷிபாம் நகரத்து வீடுகள் சுடாத மண் கல்லால் ஏழு மாடி வரைகூட நிற்கின்றன. உங்கள் ஒன்று, இரண்டு தளத்துக்கு நல்ல ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே போதும், மேல் சுவர் கீழ்ச் சுவரின் தலையிலேயே உட்கார வேண்டும், அவ்வளவுதான். நிலநடுக்கப் பகுதியானால் மூலைகளிலும் திறப்புகளின் ஓரத்திலும் செங்குத்தாகக் கம்பி வைத்த கான்கிரீட், அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னல் தலை), கூரை மட்டங்களில் வளையமாகக் கான்கிரீட் பெல்ட்.

செங்கல் வாங்கும்போது சான்றிதழைக் கேட்கும் முன் கல்லைக் கேளுங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும், ‘தொப்’ என்றால் உள்ளே வேகவில்லை. நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து தட்டையாகப் போட்டால் உடையக் கூடாது. ஒரு கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் திருப்பி அனுப்புங்கள். கட்டுவதற்கு முன் குமிழி நிற்கும்வரை ஊற வேண்டும், இல்லையென்றால் காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். அப்புறம் கலவை வெறும் மணல்தான்.

ஏஏசி பிளாக் 1920-களில் ஸ்வீடனில் பிறந்தது. செங்கல் சுவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், கைரம்பத்தால் அறுக்கலாம், வேலை விரைவு. தூண் போட்டுக் கட்டுகிற மாடி வீட்டில் இந்த எடைக் குறைவு அஸ்திவாரம் வரை லாபம் தரும். வெப்பத்திலும் இதன் கை ஓங்கியது. வெப்பக்காப்புக்கு வைக்கும் பாறைப் பஞ்சு நான்கு அங்குலம் செய்கிற வேலையை ஏஏசி 12 அங்குலத்தில் செய்யும், செங்கல்லுக்குக் கிட்டத்தட்ட ஆறடி வேண்டும்! ஆனால் இதைக் கட்டத் தெரிந்த கை வேண்டும். செங்கல் போலத் தொட்டியில் முக்கி எடுத்து, முக்கால் அங்குலக் கலவை வைத்துக் கட்டினால் இதன் குணமே போய்விடும். மேல் தூசியைத் துடைத்து, லேசாக நனைத்து, அதற்கான பசையை இரண்டு மூன்று மி.மீ. கனத்தில்தான் பூச வேண்டும். தூணும் பிளாக்கும் சேருகிற இடத்தில் கோழிவலையோ இழைவலையோ வைக்காமல் பூசினால் ஆறு மாதத்தில் நேர்கோட்டில் விரிசல் வரும். பாரமான அலமாரி மாட்ட இதற்கென்று உள்ள ஆணிதான் பிடிக்கும். மண் கொஞ்சம் அசைந்தாலும் விரிசல் விடுகிற பொருள் இது, களிமண் மனையில் இருமுறை யோசியுங்கள். சத்தமும் செங்கல்லைவிட அதிகம் கடத்தும்.

மரச்சட்டம் நிலநடுக்கத்துக்கு நல்லது, விரைவில் முடியும், குளிர் ஊரில் சட்டத்துக்கு நடுவே பஞ்சு அடைத்துவிட்டால் மெல்லிய சுவரே போதும். தீக்குப் பயப்படுகிறவர்கள் நினைக்கிற அளவுக்குப் பயம் தேவையில்லை. பருத்த உத்தரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ.தான் கரியாகும், அரை மணியில் இரண்டு சென்டிமீட்டர். காப்பில்லாத எஃகு 600 பாகை செல்சியஸை ஒட்டி வரும்போது பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். மரத்தின் உண்மையான எதிரி ஈரமும் கரையானும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கிறதா என்று அளந்து வாங்கச் சட்டவேலை தெரிந்த தச்சர் பக்கத்தில் இல்லையென்றால் இறங்காதீர்கள். மர நடுத்தளத்தில் மேலே பிள்ளைகள் ஓடினால் கீழே அம்மா தூங்க முடியாது என்பதும் உண்டு.

என் பதில்: உங்கள் மனைக்கு ஒரே தளம், மேலே எடுக்கும் ஏற்பாடு இல்லாமல். நிலநடுக்கப் பயம் இல்லாத, மண் கெட்டியான இடமென்றால் சுமைதாங்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பயமுள்ள இடமென்றால் அதே சுவருக்கு மேலே சொன்ன கம்பிக் கட்டும் பெல்ட்டும். நல்ல செங்கல் கிடைக்கவில்லை, ஏஏசி கட்டிப் பழகிய கொத்தனார் கிடைக்கிறார் என்றால் தூணும் பிளாக்கும். கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் முடித்த வீட்டைப் போய்ப் பாருங்கள், புது வீட்டில் எல்லாச் சுவரும் நேராகத்தான் தெரியும்.

இவ்வளவும் மண் அறிக்கைக்குக் கட்டுப்பட்டது. வந்ததும் இரண்டு எண்ணைத் தேடுங்கள்: மண் தாங்கும் திறன், இன்னொன்று ஊதும் அளவு. ஊதும் அளவு ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் வரைபடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த அறிக்கையோடு முதலில் கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். வீட்டுக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதெல்லாம் பிறகு.